மாத்திரை மாறிய பிறகு வந்த சந்தேகம்

என் நாத்தனார் டீயில் எதையோ கலந்து கொடுக்கிறாள் என்று நான் உறுதியாக நம்பிய நாட்கள் உண்டு. அன்பான சபையாரே, அதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

எனக்குப் பள்ளிக்கூட வயதிலிருந்தே வலிப்பு உண்டு. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். போன வருடம் மழை தொடங்கிய சமயம், வேலைக்கு நடுவிலேயே வலிப்பு வந்து விழுந்தேன். கோயம்புத்தூர் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அதன்பின் வலிப்பு வரவில்லை. வீட்டில் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னோம்.

ஆனால் சில வாரங்களில் வேறொன்று வந்தது. நான் ஆபீஸுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுபோவது போலிருந்தது. என் கணவர் போனைக் கவிழ்த்து வைத்தால், எதை மறைக்கிறார் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தினேன்.

பக்கத்து வீட்டில் இருக்கும் என் கணவரின் தங்கை மெர்சி தினமும் டீ கொண்டுவருவாள். ஒரு நாள் அது கசந்தது. அன்றிலிருந்து அவள் போனதும் அதை வாசல் செடிக்கு ஊற்றினேன். செடி வாடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வாடவில்லை. மெதுவாகக் கொல்லும் விஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"இது ஏதோ கெட்ட ஆவிங்க. உபவாசம் இருந்து ஜெபிக்கோணும்" என்று தெரிந்த அக்கா ஒருவர் என் கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது. எனக்குப் பைத்தியப் பட்டம் கட்டித் துரத்தப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். இனி உயிரோடு இருந்து என்ன பயன் என்றுகூடத் தோன்றியது.

ஒரு மத்தியானம் சமையலறைக் கதவைத் தாழிட்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் ஒருத்தரையும் நம்பல. உம்மையும் நம்ப முடியல. எனக்கு எதிரி யாருன்னு காட்டும்."

அன்று சாயங்காலம் மெர்சி வந்தாள். கையில் டீ இல்லை. நான் செடிக்கு ஊற்றுவதைப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணி, நீங்க நினைக்கறது தப்புன்னு சொல்ல வரலீங்க. எப்ப இருந்து இப்படித் தோணுதுன்னு மட்டும் சொல்லுங்க."

"மழைக்காலத்துல இருந்து."

"மாத்திரை மாத்துனதும் அப்பத்தானுங்களே?"

மாத்திரையை நிறுத்தவைத்து மறுபடி என்னை விழவைக்கப் பார்க்கிறாளோ? "அப்ப நிறுத்திரட்டுமா?" என்று சோதித்தேன்.

"வேண்டாமுங்க. நாமளா நிறுத்தக் கூடாது. டாக்டரையே கேட்டுரலாம். நானும் கூட வர்றேன். டாக்டர் ரூமுக்குள்ள வரலீங்க, வெளிய உக்காந்துக்கறேன்."

விஷம் வைக்கிறவள் இப்படிச் சொல்வாளா என்று முதல் முறையாக யோசித்தேன்.

கோயம்புத்தூரில் நான் வாய் திறக்கும் முன்பே டாக்டர் கேட்டார்: "எரிச்சல் வருதாம்மா? யாராச்சும் கெடுதல் பண்றாங்கன்னு தோணுதா?"

மெர்சி முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டாள் என்று நினைத்து எழுந்துவிட்டேன்.

"உக்காருங்கம்மா. இந்த மாத்திரை சாப்பிடற எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். சிலருக்கு மனசை இப்படிப் பண்ணும்."

உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாத்திரைக்கு மாற்றினார். மனநல டாக்டர் ஒருவரையும் பார்க்கச் சொன்னார்.

சந்தேகம் ஒரே நாளில் போய்விடவில்லை. அடுத்தடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோதும் மெர்சி கூடவே வந்தாள். அப்படி ஒரு நாள் திரும்பும்போது, பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். விழித்த பிறகுதான் உணர்ந்தேன், அவள் பக்கத்தில் பயமில்லாமல் தூங்கியிருக்கிறேன். எதிரியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ஆண்டவர் எனக்காக நின்றவளைக் காட்டினார்.

இன்று வேலைக்குப் போகிறேன், சிரிக்கிறேன். யார் மேலாவது சந்தேகம் எழுந்தால் மனதில் வைத்துப் புழுங்காமல் வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன்.

உங்களில் யாருக்காவது மாத்திரை மாறியபின் மனசும் மாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள், நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள். ஜெபிக்க நம்பிக்கை இல்லையென்றால், இல்லை என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.