மூன்று பேரின் மூச்சு

வகுப்பிலேயே மூத்தவள் அவள்தான். நாற்பத்தேழு வயது. கூடப் படித்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பிள்ளைகள். எடுத்த எடுப்பிலேயே அவளைப் 'பெரியக்கா' ஆக்கிவிட்டார்கள். பதினாறு வருடம் தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்தவள். கணவன் போய்ச் சேர்ந்தான், கம்பெனியை இழுத்து மூடினார்கள், மகன் வேலைக்கென்று வெளிநாடு போனான். எல்லாம் ஒன்றரை வருடத்துக்குள். அதற்குப் பிறகுதான், மருந்துக் கடை மாடியில் நடந்த ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சியில் சேர்ந்தாள்.

தலைகீழாக நின்றாலும் பாடம் ஏறவில்லை. தமனி எது, சிரை எது என்று தடுமாறினாள். காரை எலும்பு, தோள், விலா என்று வந்தபோதுதான் பிடி கிடைத்தது. அளவு நாடா படும் இடமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மூலையில் தொங்கிய பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்குப் பிள்ளைகள் 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்திருந்தார்கள். "மாப்பிள்ளைக்கு நாப்பது சைஸ் சட்டை கச்சிதமா இருக்கும்" என்றாள் ஒருநாள். வகுப்பே சிரித்தது. அன்று முழுக்க அவள் வாயைத் திறந்து பேசியது அது ஒன்றுதான்.

பயிற்சி கொடுத்த அம்மாள் முன்பு நர்ஸாக இருந்தவர். மூச்சைப் பற்றிய பாடம் முடிந்ததும் சொன்னார்: "வீட்ல இருக்கற மூணு பேரோட மூச்சை ஒரு நிமிஷம் எண்ணி எழுதிட்டு வாங்க. எண்ணறது அவங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மூச்சு மாறிடும். பன்னெண்டுல இருந்து இருபது வரைக்கும் சரி."

மூன்று பேருக்கு எங்கே போவாள்? கண்ணாடி முன் உட்கார்ந்து தன் நெஞ்சையே பார்த்து எண்ணினாள். ஒன்பது வந்தது. திரும்ப எண்ணினால் இருபத்திரண்டு. இரண்டையும் அடித்துவிட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துப் பதினைந்து என்று குறித்தாள். நிமிர்ந்தால் அவர் விழித்திருந்தார்.

"என்னம்மா, தெரிஞ்சவங்களா?"

"இல்லைங்க. வேற யாரோன்னு நெனச்சிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோவில் கூப்பிட்டான். எப்போதும் போல ஒரு கண் அவள்மேல், ஒரு கண் கம்ப்யூட்டர்மேல். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, அவன் பனியன் ஏறி இறங்குவதை எண்ணினாள். அரை நிமிடத்துக்கு எட்டு.

"அம்மா, லைன்ல இருக்கியா? ஏன் பேசமாட்டேங்கற?"

"இருக்கேன்டா. நீ வேலையப் பாரு."

"சரிம்மா, அப்புறம் கூப்பிடறேன்."

எட்டை இரட்டித்துப் பதினாறு என்று எழுதினாள். பென்சிலைக் கீழே வைக்க வெகுநேரம் ஆயிற்று. அவனை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருந்து எத்தனை நாளாயிற்று!

மூன்றாவது ஆள் கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா. தண்ணீர் மோட்டார் தகராறில் நாலு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மோட்டாரைப் பற்றியே கேட்பது போலப் போய் நின்றாள். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த அம்மாளுக்கு மூச்சு இருபத்தெட்டு. செருப்பு வார் பாதத்தில் புதைந்திருந்தது.

"அம்மா, உங்க காலைத் தொட்டுப் பாக்கவா?"

"உன் படிப்பை எங்கிட்டயா காட்டற?" என்றாலும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்துதான் தூங்கறேன்" என்றார் அந்த அம்மாள், குரல் இறங்கி.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"கேக்கறதுக்கு யாரு இருக்கா?"

பயிற்சி அம்மாளுக்குப் போன் போட்டாள். "இப்பவே கூட்டிட்டுப் போங்க" என்றார். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, விட்டிருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர். சேர்க்கும் தாளில் 'உறவு' என்ற இடத்தில் அவள் பேனா தயங்கியது.

"தங்கச்சின்னு போடு" என்றார் படுக்கையிலிருந்து.

ஆஸ்பத்திரியில் வைத்திருந்த எட்டு நாளும் வகுப்பு விட்டதும் நேராக அங்கே போனாள். 'அக்கா' என்று கூப்பிடப் பழகினாள். ஒன்பதாம் நாள் வெளியூரிலிருந்து அக்காவின் மகள் வந்து, இனி அம்மா தன்னோடுதான் என்று காரில் ஏற்றிக்கொண்டாள். வீட்டுச் சாவியைத் 'தங்கச்சி' கையில் வைத்து அழுத்தினார் அக்கா. "வாரம் ஒருதரம் ஜன்னலைத் தொறந்து விடும்மா. நீ மட்டும் இல்லேன்னா…" அதற்குள் கார் நகர்ந்துவிட்டது.

பரீட்சையில் தேறினாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் காலை ஷிப்ட் கிடைத்தது. நாடி, மூச்சு, காய்ச்சல் எல்லாம் அவள் கணக்கில்தான் ஏறும். மத்தியானம் வரை பேச ஆள் உண்டு.

லீவு நாளில் கீழ் வீட்டைத் திறந்து ஜன்னல்களை விரித்து வைப்பாள். தூசி தட்டி, வெறும் ஹாலில் கொஞ்ச நேரம் உட்காருவாள். உலை வைக்க நேரமானதும் ஒவ்வொன்றாகச் சாத்தி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு மாடி ஏறுவாள்.