பரிந்துரைக் கடிதத்தின் மூன்றாவது பத்தி

எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டு ஃபெல்லோஷிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனால், பேராசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்பார். மாணவர்கள் எழுதிக் கொடுப்பதைத் துறையின் கடிதத்தாளில் அச்செடுப்பது அலுவலகத்தில் என் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை மேதைகளை அச்செடுத்திருக்கிறேன் தெரியுமா? தன்னைப் பற்றித் தானே எழுதச் சொன்னால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்.

பூட்டு என்று எல்லோரும் கூப்பிடும் மாணவி மட்டும் வேறு ரகம். ஆராய்ச்சிக்கு வந்த இரண்டாம் வருஷம், ஒரு நாள் சாயங்காலம் உறைபெட்டியின் கதவைச் சரியாகச் சாத்தாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறு மாதமாகச் சேர்த்த ரத்த மாதிரிகள் அத்தனையும் வீண். மறுநாள் காலையில் யாரும் விசாரிப்பதற்கு முன்பே தன் பேராசிரியர் சாரிடம் போய், தான்தான் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கிளம்பும் முன் மூன்று தடவை அந்தக் கதவை இழுத்துப் பார்ப்பாள். அதனால்தான் பையன்கள் அவளுக்குப் பூட்டு என்று பெயர் வைத்தார்கள். அப்படிக் கூப்பிட்டால் அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

மருத்துவமனையில் ஏழு வருஷம் ரத்தப் பரிசோதனை வேலை பார்த்து, தங்கையைப் படிக்க வைத்துவிட்டு, அப்புறம்தான் தன் படிப்புக்கு வந்தவள். அவள் கேட்ட ஃபெல்லோஷிப்புக்கு முப்பத்தைந்து வயது வரைதான் விண்ணப்பிக்க முடியும். ஏற்கெனவே இரண்டு முறை கைவிரித்துவிட்டார்கள். அடுத்த மாதம் அவளுக்கு வயது தாண்டுகிறது. இதை விட்டால் வேறு வாய்ப்பே இல்லை.

அவள் கொண்டுவந்த கடிதத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாவது பத்தி முழுக்க உறைபெட்டிக் கதை. உனக்கென்ன பைத்தியமா, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வார்களா என்று திட்டித் தீர்த்தேன்.

"சார் எழுதுற கடிதம்க்கா. சாருக்கு என்னப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் அதுல இருக்கணும்ல?" என்றாள்.

அவள் போனதும் அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு. சார் வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வாங்கிக்கொண்டு கதவு வரை வந்தேன், அதற்கு மேல் கால் நகரவில்லை. அந்தப் பெண்ணே மறைக்காததை மறைக்க நான் யார்? வெட்கமாக இருந்தது. திரும்பிப் போனேன்.

"சார், இதுல ஒரு பத்திய நான் எடுத்துட்டேன்."

என்ன பத்தி என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நின்றால், அவர் கடிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு வெள்ளைத்தாள் கேட்டார். வாசலில் இரண்டு பேரைக் காக்க வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் தன் கைப்பட எழுதினார். தட்டச்சு செய்ததால் எனக்கு ஒவ்வொரு வரியும் தெரியும். கதவு திறந்து கிடந்ததும் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே ஒரு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, வீணான மாதிரிகளை அவள் மறுபடி சேர்த்துக் கொடுத்ததும் இருந்தது. கடைசி வரி: 'இவர் கொண்டுவரும் முடிவுகளை நான் இரண்டாம் முறை சரிபார்ப்பதில்லை.'

மூன்று மாதம் கழித்து மூச்சிரைக்க வந்து நின்றாள். கிடைத்துவிட்டது. நேர்காணலில் பாதி நேரம் உறைபெட்டியைப் பற்றித்தான் கேட்டார்களாம், நடந்ததை நடந்தபடி சொன்னாளாம். எனக்குப் பெற்றவளைப் போலப் பெருமை. தாழ்வாரத்தில் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னேன்.

கூட்டம் கலைந்ததும் மெதுவாகக் கேட்டாள், தான் எழுதிய கடிதத்தைச் சார் ஒரு தடவையாவது படித்துப் பார்த்திருப்பாரா என்று. பரிந்துரைக் கடிதத்தில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது. நானும் இத்தனை வருஷம் வாயைத் திறந்ததில்லை.

"உன் கடிதத்த அவர் படிக்கவே இல்லம்மா," என்றேன். "அவரே உட்கார்ந்து எழுதினாரு."

இரண்டு முறை கைவிரித்தபோதும் கலங்காதவள், என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.