தீப்பெட்டி ஏற்றக் கூடாத சமையல் பஸ்

எங்கள் பஸ்ஸின் அடுப்படியில், அடுப்புக்கு நேர் மேலே, சிவப்புப் பெயின்டில் ஓர் எச்சரிக்கை எழுதியிருந்தது: "தீப்பெட்டி, லைட்டர், பீடி, சிகரெட் உள்ளே கொண்டுவரக் கூடாது." எழுதியவர் என் வீட்டுக்காரர்.

"அப்ப அடுப்பை எதை வச்சுப் பத்த வைக்கிறதாம்?" என்று கேட்டேன்.

"அதைப் பெறவு பாப்போம். மொதல்ல ரூலு," என்றார்.

அவர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தீபாவளிக்கு முன்னால் சீசன் என்பார், தீபாவளி முடிந்தால் தூங்குவார், எழுந்தால் அடுத்த ஆர்டர் வந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன நெடும்பயணம் என்று யோசித்தால் மதுரையைத் தாண்டவில்லை. அதனால் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கி ஓய்ந்துபோன மினி பஸ் ஒன்று விலைக்கு வந்தபோது, வாங்கியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது நான்தான். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு. பிடித்த இடத்தில் நிறுத்தி, சோறு பொங்கித் தின்றுகொண்டே கன்னியாகுமரி வரைக்கும் போக வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். அடுப்பில் ஒரு குறை கண்டாலும் பஸ் காரியாபட்டியில் இருக்கும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசியும் வைத்துவிட்டார்.

சூலக்கரையில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் வண்டி நின்றது. எத்தனை தடவை கழுவினாலும் சீட்டு இடுக்கில் அலுமினியத் தூள் மினுங்கும். கந்தக வாசம் கூரையோடு ஊறிப்போயிருந்தது. அது எங்களுக்கு ஒரு வாசமாகவே தெரியவில்லை. அவர் சட்டையை இத்தனை வருஷம் துவைத்தவள் நான், எனக்கு அது வீட்டு வாசம்.

புது அடுப்பு வாங்கலாம் என்றேன். கடையில் பையன் குமிழைத் திருகிக் காட்டினான். டிக் டிக் என்று பொறி பறந்து தானே பற்றியது. என் வீட்டுக்காரர் மூன்றடி பின்னால் போய்விட்டார். "பொறி பறக்குற சாமானையா காசு குடுத்து வாங்குவாக?" என்று கடைக்காரரிடமே கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். கடைசியில், கரண்ட் அடுப்பு வந்த பிறகு பரணில் போட்டு வைத்திருந்த எங்கள் பழைய இரட்டை அடுப்பு கீழே இறங்கியது. எண்ணெய்ப் பிசுக்கும் பல்லி முட்டையுமாக இருந்ததை இரண்டு நாள் தேய்த்தேன்.

அதற்குள் அவர் பஸ்ஸைப் பட்டாசு ரூமாகவே மாற்றிவிட்டார். வாசல் படியில் ஒரு செம்புத் தகடு. ஏறுகிறவர்கள் அதைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் ஏற வேண்டும். செருப்பு வெளியே. செல்போன் வெளியே தொங்கும் கூடையில். நைலக்ஸ் சேலை கூடாது, பருத்திதான். என் ஊக்கு, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். இரும்புக் கரண்டி உரசினால் பொறி வருமாம், அதனால் மரக் கரண்டி. தரையில் ஈரச் சாக்கு. வாசலில் மணல் வாளி. ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. சாம்பாருக்குத் தாளிக்கும்போது கடுகு வெடிக்குமே, அதற்கு என்ன ரூல் என்று கேட்டேன். அவர் உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கேஸ் மெக்கானிக் வந்தார். அவரும் இந்த ஊர்க்காரர், சொன்னதெல்லாம் கேட்டார். தகட்டைத் தொட்டார், போனைக் கூடையில் போட்டார். ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை போட்டார். "அண்ணாச்சி, கேஸு கனமானது, கசிஞ்சா கீழதான் தங்கும். தரையில ஓட்டை போட்டாத்தான் வெளிய போகும். நீங்க ஓட்டை மேல சாக்க விரிச்சு வச்சிருக்கீக." சாக்கு நகர்ந்தது. சிலிண்டருக்குக் கதவோரம் தனிப் பெட்டி, நிமிர்த்தி வைத்து பெல்ட் போட்டுக் கட்டினார். புது ரெகுலேட்டர், புது ஆரஞ்சு டியூப், இரண்டு முனையிலும் கிளிப். முனைகளில் சோப்புத் தண்ணீர் தடவினார். நுரை அசையவில்லை. "ஜம்முனு இருக்கு," என்றார்.

அன்றைக்கு எங்கள் மருமகளும் வந்திருந்தாள். ஊட்டிக்காரி, கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, மாமனார் முன்னால் சத்தமாகப் பேச மாட்டாள். பற்ற வைப்பதற்கு முன் ஜெபம் பண்ண வேண்டும் என்று நான் சொன்னேன். மெக்கானிக் ரெகுலேட்டரைத் திறந்துவிட்டுப் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு ஜெபம் ஆரம்பிக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. பஸ்ஸுக்காக, டிரைவருக்காக, வழியில் இருக்கும் ஊர்களுக்காக என்று போய்க்கொண்டே இருந்தேன்.

"அத்தை," என்று மெல்லிய குரல் குறுக்கே வந்தது. "கேஸ் வாசனை வருது."

நாங்கள் மூன்று பேரும் மூக்கை இழுத்துப் பார்த்தோம்.

"அது பஸ்ஸு வாசம்மா," என்றார் வீட்டுக்காரர். "ராக்கெட்டுக்கு மருந்து செலுத்துற ஆளுக பின் சீட்டுல உக்காருவாக. அதுதான்."

"ராக்கெட் இல்ல அண்ணாச்சி," என்றார் மெக்கானிக். "இது சங்குசக்கரம். எங்க வீட்டு ஆளு அங்கனதான வேலை பாக்கா. எனக்குத் தெரியாதா?"

"சக்கரத்துல இம்புட்டு காரம் இருக்காது தம்பி."

எனக்குப் பாம்பு மாத்திரை மாதிரி பட்டது. அதைச் சொன்னேன். இருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். தீர்ப்புச் சொல்ல பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டோம். அவர் தகட்டைத் தொட்டு, செருப்பைக் கழற்றி, தலையை மட்டும் உள்ளே நீட்டி நிதானமாக முகர்ந்தார். "சாட்டை," என்றார். "ஈரத்துல வச்ச சாட்டை." எதிர்த்துப் பேச ஆளில்லை, அவர் அறிவியல் டீச்சர்.

மருமகள் இப்போது அடுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். கண் கலங்கியிருந்தது. "நீங்க எல்லாரும் பெரியவங்க. ஆனா இது பட்டாசு இல்ல. அடுப்புலயும் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. அதுவரைக்கும் யாரையும் பத்த வைக்க விட மாட்டேன்."

மெக்கானிக் சிரித்துக்கொண்டே பழைய அடுப்பின் குமிழைச் சுற்றித் தடவினார். சிரிப்பு பாதியில் நின்றது. குமிழின் அடியில் ஒரு நுரை எழும்பி, பெருத்து, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று எழும்பியது.

அவர் பாய்ந்து ரெகுலேட்டரை மூடினார். எல்லோரையும் இறக்கி, கதவு, சன்னல் அத்தனையும் திறந்து போட்டோம். அடுப்பில் குறை கண்டாகிவிட்டது. என் கன்னியாகுமரி போயே போய்விட்டது என்று நினைத்தேன். எனக்கு வந்த அழுகையை மருமகளைத் தட்டிக்கொடுப்பதுபோல மறைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் காரியாபட்டிக் கடைக்காரருக்கு அவரே போன் போட்டார். நான் வாசலில் மல்லிகை தொடுத்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். "வண்டி இப்பக் குடுக்கிறதா இல்ல," என்றார். "பழுது இருந்துச்சு. கண்டுபிடிச்சாச்சு. எம் மருமக கண்டுபிடிச்சா." அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு எனக்குப் பூ கைதவறிப் போனது.

மறுநாள் மெக்கானிக் குமிழ்களைக் கழற்றி, புதுசு மாட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினார். மருமகள் பக்கத்தில் நின்று முகர்ந்தாள். அவள் சரி என்று தலையாட்டிய பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. இனி பற்ற வைக்க வேண்டியதுதான் பாக்கி. தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர்ப்பக்கம், எங்கள் வீட்டில் ஒரு தீப்பெட்டி கிடையாது. டீச்சர் வீட்டில் வாங்கி வந்தோம்.

"எல்லாரும் எறங்குங்க," என்றார் வீட்டுக்காரர். "அந்த வேப்பமரத்துக்கு அங்கிட்டுப் போய் நில்லுங்க."

இறங்கினோம். அவர் படியில் நின்று கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி என்னிடம் நீட்டினார். இதற்கு முன் பல தடவை செய்தவர் மாதிரி நீட்டினார். எனக்குச் சுருக்கென்றது.

"கம்பெனிலயும் இப்புடித்தானா?" என்று கேட்டேன்.

"புது மருந்து கலக்குற அன்னைக்கு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு நாந்தான் மொதல்ல கை வைப்பேன். போர்மேன்னா அதான்."

"எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே."

"சொன்னா நீ நிம்மதியா டூட்டிக்குப் போயிருப்பியா?"

நான் வேலை பார்த்தது தீக்காய வார்டில். சீசனில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போதெல்லாம், இறக்கப்படுகிறவரின் காயத்தைப் பார்ப்பதற்கு முன் முகத்தைப் பார்ப்பேன். அது என் வீட்டுக்காரர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என் கை வேலை செய்யும். அதை நானும் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. கடிகாரத்தையும் மோதிரத்தையும் மருமகள் கையில் திணித்துவிட்டு, தகட்டையும் தொடாமல் மேலே ஏறி, அடுப்புக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்தேன்.

"எறங்கும்மா."

"முடியாது. வெளிய நின்னு வெளிய நின்னு எனக்குக் காலு வலிக்கி."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு தீப்பெட்டியைத் திறந்தார். உலகத்துக்கெல்லாம் வெடி செய்து அனுப்பியவருக்குத் தீக்குச்சி கிழிக்க வரவில்லை. முதல் குச்சி முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. மூன்றாவதுக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தீயைப் பக்கத்தில் காட்டிவிட்டுக் குமிழைத் திருகினோம். நீல நெருப்பு வட்டமாக எழுந்து, ஆடாமல் நின்றது.

அவர் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அணைச்சிரவா?" என்று கேட்டார்.

"உலை வைக்கணும். எரியட்டும்."

என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "கன்னியாகுமரிக்கு எந்த ரோட்டப் பிடிச்சுப் போகணும்?" என்று கேட்டார்.