பூட்டுகிற பெட்டி

எங்கள் அடுத்த வீட்டு மெர்வினுக்குப் பழைய மின்சாமான் சந்தையிலிருந்து வெறுங்கையோடு திரும்பத் தெரியாது. இந்த முறை அவர் தூக்கிவந்தது லேபிள் கிழிந்த ஓர் இரும்புப் பெட்டி. கேபிளில் கட்டணச் சேனல்களை இனாமாகத் திறந்துவிடும் என்று நம்பி வாங்கியிருந்தார். சோதித்துப் பார்க்க, வீட்டிலிருந்த வீடியோ கேமராவை ஒரு பக்கமும் டிவியை மறுபக்கமும் இணைத்தார். டிவியில் அவர் மனைவி லொரெய்னின் முகம் கோணல்மாணலாக நெளிந்தது.

"அடச்சே! இது பூட்டைத் திறக்குற பெட்டி இல்ல, பூட்டுற பெட்டி!" என்றார் மெர்வின். காசு கட்டாத வீடுகளில் படம் புரியக் கூடாதென்று கேபிள் கம்பெனிகள் அந்தக் காலத்தில் வைத்திருந்த இயந்திரம்.

"அப்ப குப்பையில போடு," என்றாள் லொரெய்ன்.

"பொறு, ஹாலோவீன் வருதுல்ல?"

ஹாலோவீன் மாலையில் எல்லாவற்றையும் வாசலில் வைத்தார். வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்க வந்த குட்டிப் பேய்கள் தங்கள் முகம் நெளிவதைப் பார்த்துக் கூத்தாடின. கூட வந்த தாத்தாக்கள் மட்டும் தலையை இடப்பக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு டிவியையே பார்த்தார்கள். என் கணவரும்தான்.

லொரெய்ன் விடவில்லை. "ஓஹோ! 'பெரியவர்களுக்கு மட்டும்' சேனலைக் காசு கட்டாம இப்பிடித்தான் பாத்தீங்களா?"

எல்லாத் தலைகளும் சட்டென்று நிமிர்ந்தன, எங்கள் பாதிரியாருடையதைத் தவிர. அவருக்குக் கொஞ்சம் காது மந்தம்.