ஒன்பதால் வகுத்த பாடம்

குற்றால அருவியில் சீசன் கூட்டம் முண்டியடிக்கும் நாளில் ஒருவர் தலைக்கு விழும் தண்ணீர் எவ்வளவு? கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய காலத்தில், மக்கள்தொகைப் பாடத்தை நான் இப்படித்தான் தொடங்குவேன். பணக்கார நாட்டில் ஆள் குறைவு, பங்கு பெரிது. ஏழை நாட்டில் ஆள் மிகுதி, பங்கு சிறிது. கரும்பலகையில் ஒரு கோடு போடுவேன். மேலே வருமானம், கீழே தலைகள். உலகம் அவ்வளவு எளிதாக இருந்தது.

ஒரு நாள் எங்கள் அலுவலக உதவியாளர் சுற்றறிக்கையோடு வகுப்புக்குள் வந்தார். ஏழு பிள்ளைகள் அவருக்கு. "அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க" என்றேன். "இவுக வீட்டுல ஒம்பது பேரு. இவுக சம்பளத்த ஒம்பதால வகுத்துப் பாருங்க. இந்தியா ஏன் ஏழைன்னு வெளங்கிரும்."

"சார், மீதி வருது சார்!" என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். ஒரு பெண் மட்டும் எழுந்து, "சார், ஒரு சந்தேகம்" என்றாள். "பாடம் முடியட்டும், உக்காரு" என்றேன். மறுநாள் முதல் அவள் வரவில்லை. அவருடைய மூத்த மகள் என்று பிறகுதான் தெரிந்தது. விசாரித்தபோது, "அவளுக்குப் படிப்பு ஏறல சார்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பொய் என்று தெரிந்தும் நம்பிக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது, பணக்கார நாடுகள் ஆளில்லாமல் தவிப்பதைச் செய்தித்தாளில் படிக்கிறேன். முதியோரைத் தூக்கி உட்காரவைக்க நம் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். அப்படியானால் கோட்டுக்குக் கீழே நான் எழுதிய தலைகள் எப்போது மேலே ஏறின? எண்ணிக்கை பெருகுவதால் மட்டும் ஏறாது. படிப்பும் வேலையும் வேண்டும். ஏற்றிவிடுவதுதான் என் உத்தியோகம். ஒருத்தியை நானே இறக்கிவிட்டிருக்கிறேன்.

போன மாதம் கடையத்தில் அவளுடைய தையற்கடையைத் தேடிப் போனேன். அண்ணாச்சி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டதாம். மன்னிப்புக் கேட்டேன்; அவள் மெஷினை நிறுத்தவில்லை. அன்றைய சந்தேகம் என்னவென்று கேட்ட பிறகே நிறுத்தினாள்.

"அப்பா சம்பளத்த ஒம்பதால வகுத்தியளே, அம்மா சுத்துன பீடிய ஏன் சார் கூட்டல? நாங்க ஏழு பேரும் பள்ளிக்கூடம், காலேஜு விட்டு வந்து எலை வெட்டுனோம்லா?"

"தெரியலம்மா. எனக்குத் தோணவே இல்ல."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மறுநாளும் வந்திருப்பேன் சார்" என்றாள். "அப்பாவும் அன்னைக்குச் சாப்பிட்டிருப்பாவ."