கிணற்றுத் தண்ணீர்மேல் போட்ட பழி

என் அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கல். அக்காவுக்கும் கல். எனக்கு முப்பது வயதுக்குள் இரண்டு தடவை கல் வந்து, கரும்புக் கொல்லையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உருண்டிருக்கிறேன். பாழாய்ப்போன கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று எங்கள் தெருவே சொன்னது. அதே தண்ணீரைக் குடித்த என் மனைவிக்கு ஏன் ஒன்றும் வரவில்லை என்று யோசிக்க எனக்குப் புத்தி இல்லை.

மகளையாவது காப்பாற்றலாம் என்று, அவளுக்கு ஏழு வயதில் கச்சிராயபாளையத்தில் தாய்மாமன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அங்கே அணைத் தண்ணீர். பண்டிகைக்கு வரும்போதுகூட மச்சான் கேனில் தண்ணீர் தூக்கிக்கொண்டு வருவார். எங்கள் குடத்துப் பக்கம் அவள் போனாலே கத்துவேன்.

மூன்றாவது தடவை கல் வந்தபோதுதான் புதுச்சேரி டாக்டர் இரத்தத்தில் கால்சியம் அதிகம் என்று கண்டுபிடித்தார். கழுத்தில் அரிசிமணி அளவு இருக்க வேண்டிய சுரப்பிகளில் கட்டி. கணையத்திலும் ஒன்று. பரம்பரையாக வரும் அபூர்வ நோயாம்.

"தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. உங்க பொண்ணுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. கூட்டிட்டு வாங்க" என்றார்.

பத்தொன்பது வயது மகளின் இரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டு கீழே விழுந்தால்கூட மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"இன்னாத்துக்கு என்மேல பாய்ஞ்சிகினு இருக்கீங்க? பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

பயம்தான். என்னிடமிருந்து மகளுக்குப் போயிருக்குமோ என்ற பயம்.

முடிவு வந்த அன்று டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "இருக்குதுங்க" என்றார். "ஆனா கட்டி எதுவும் இன்னும் வரலை. வருஷா வருஷம் பரிசோதனை பண்ணிக்கணும். முன்கூட்டியே தெரிஞ்சது நல்லதுதான்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் அழவில்லை. டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் எங்க வூட்டுலயே வளந்திருந்தா இது ஜாஸ்தி ஆயிருக்குமா சார்?"

"இல்லம்மா. எங்க வளர்ந்தாலும் ஒண்ணுதான்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ பன்னெண்டு வருசமும் நான் உங்ககூடவே இருந்திருக்கலாம்ப்பா" என்றாள்.