நாத்தனார் அழுத்தச் சொன்ன டெலிட்

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு காலை. முடிச்சூரில் எங்கள் ஃப்ளாட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். குழந்தை பிறந்ததும் விட்ட வேலையைப் பல வருடம் கழித்து மறுபடி பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வீட்டிலிருந்தே செய்கிற மொழிபெயர்ப்பு வேலை. சோதனைக்கு ஒரு கட்டுரை கொடுத்து, பகல் பன்னிரண்டுக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்பாவிட்டால் வேலை இல்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் காரணம் என் நாத்தனார். குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் கோளாறு என்று போன் செய்பவர்களுக்கு வழி சொல்வதுதான் அவள் வேலை. "சும்மா எங்க அண்ணனைத் திட்டிட்டே இருக்கீங்களே, அந்த வாயை வெச்சு சம்பாதிங்க அண்ணி" என்று சொல்லி, தன்னுடைய பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தவள்.

கடைசிப் பத்திக்கு வந்துவிட்டேன். திடீரென்று மவுஸ் அம்பு நகரவில்லை. தட்டினேன், உருட்டினேன், திட்டியும் பார்த்தேன். எழுத்தும் விழவில்லை. பிளக்கைப் பிடுங்கக் கை போய்விட்டது. நல்ல வேளை, அதற்கு முன்னால் அவளுக்குப் போன் போட்டேன்.

"ஐயையோ, பிளக்ல கை வெக்காதீங்க! கேப்ஸ் லாக் அமுக்குங்க. கீபோர்டுல லைட் எரியுதா?"

எரிந்தது.

"அப்போ உசுரு இருக்கு. சரி, இப்போ கண்ட்ரோல்..."

"எங்கேருந்துடி கண்ட்ரோல் பண்றது? எனக்கு அழுகையா வருது!"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "உங்களைச் சொல்லல அண்ணி, கண்ட்ரோல் பட்டன்! அதையும் ஆல்ட்டையும் புடிச்சுக்கிட்டு டெலிட்டை அமுக்குங்க."

டெலிட்டா! காலையிலிருந்து பார்த்துப் பார்த்து அடித்ததை அழிக்கச் சொல்கிறாளே பாவி! ஊர் உலகத்தில் நாத்தனார் பேச்சைக் கேட்டு டெலிட்டை அழுத்துவாளா ஒருத்தி?

"எல்லாம் அழிஞ்சிடாதா?" என்றேன்.

"அழியாது. மூணையும் சேர்த்து அமுக்கினா அர்த்தமே வேற. என்னை நம்புங்க அண்ணி."

குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு அழுத்தினேன். திரை நீலமாக மாறி நாலைந்து வரிகள் வந்தன. மவுஸ் அப்போதும் அசையவில்லை. டேப் பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டி மூலையிலிருந்த பவர் குறிக்குப் போகச் சொன்னாள். என்டர் தட்டியதும் வந்த பட்டியலில் ரீஸ்டார்ட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். "மெதுவாத்தான் மூடும், அவசரப்பட்டு எதையும் நோண்டாதீங்க" என்றாள்.

திரை இருண்டது. போச்சுடா என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அவள் போனை வைக்கவில்லை. அவளை யாரோ கூப்பிடுவதும், "எங்க அண்ணிக்கு இன்னைக்கு டெஸ்ட் சார், அஞ்சு நிமிஷம்" என்று அவள் கெஞ்சுவதும் எனக்குக் கேட்டது.

கம்ப்யூட்டர் திரும்ப எழுந்தது. கட்டுரையைத் திறந்தால், அது தானாகவே எடுத்து வைத்திருந்த பிரதி திரை ஓரத்தில் நிற்கிறது. கடைசிச் சில வரிகள்தான் காணோம். நான் போட்ட சத்தத்தில் எதிர் ஃப்ளாட்டு அக்கா கதவைத் திறந்து பார்த்தார். அந்த வரிகளை மறுபடி அடித்து, பன்னிரண்டுக்குள் அனுப்பிவிட்டேன். வேலையும் கிடைத்தது.

அன்று சாயங்காலம் நாத்தனார் பக்கோடா பொட்டலத்தோடு வந்தாள். தின்றுகொண்டே, "ஒண்ணு சொல்லவா அண்ணி? டெலிட் அழிக்காதுன்னு தெரியும். ஆனா அந்தப் பழைய டப்பா நீங்க அடிச்சதை எடுத்து வெச்சிருக்குமான்னு எனக்கே தெரியாது. நீங்க பயந்துட்டீங்களேன்னுதான் ஒண்ணும் அழியாதுன்னு அடிச்சு விட்டேன்" என்றாள்.

முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு கட்டிக்கொண்டேன். தன் பயத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு எனக்குத் தைரியத்தை மட்டும் கொடுத்தாளே, அன்றிலிருந்து யாராவது கேட்டால், அவளை என் கூடப்பிறந்தவள் என்றுதான் சொல்கிறேன்.